மாதிரி மோட்டார் வண்டிக்குக் குரோமிய மெருகு

சாலையில் ஓடும் மோட்டார் வண்டியைச் சிற்றுருவில் செய்து பார்ப்பது சிறுவர்க்கும் பெரியவர்க்கும் விருப்பமான கைவேலையாகும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டியெடுத்து, பசையிட்டு ஒட்டி, சாயம் பூசி முடித்தால் வண்டியின் உடல் ஏறக்குறைய உண்மையானது போலவே அமைந்துவிடும். ஆயினும் அதனைக் கண்காட்சி மேசையில் வைத்துச் சற்றுத் தள்ளி நின்று நோக்கினால் ஏதோ ஒன்று குறைவது தெரியும். அக்குறை பெரும்பாலும் பம்பரிலும் விளக்கு வளையத்திலும் சக்கர மூடியிலுமே இருக்கும். உண்மை வண்டியில் அவை கண்ணாடி போல் ஒளிர்கின்றன. மாதிரியிலோ வெள்ளிச் சாயம் தடவிய தகரம் போல் மங்கிக் கிடக்கின்றன. அக்குறையை நீக்கும் வழிகளை இங்கு விளக்க முற்படுகிறோம்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியை மனத்தில் கொள்வோம். வண்டின் முதுகைப் போல் வளைந்திருப்பதால் ‘பீட்டில்’ என்றே பெயர் பெற்றுவிட்ட வோக்ஸ்வேகன் வண்டியை நம் பெற்றோர் நன்கு அறிவர். ஜெர்மனியில் பிறந்த இவ்வண்டி 2003ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நாட்டில் கடைசியாகச் செய்யப்பட்டது. அதற்குள் 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாகியிருந்தன. இதில் பளபளக்கும் பாகங்கள் மிகப் பல அல்ல. முன்னும் பின்னும் பம்பர், விளக்கு வளையம், சக்கர மூடி, கதவுப் பிடி, பக்கவாட்டில் ஓடும் மெல்லிய பட்டை, இவ்வளவே. புதிதாகக் கற்பவர்க்கு ஏற்ற அளவு.

குரோமியம் என்பது என்ன? 1797ஆம் ஆண்டில் வோக்லின் என்னும் பிரெஞ்சு வேதியியலார் சைபீரியாவிலிருந்து வந்த ஒரு செந்நிறக் கனிமத்தில் இத்தனிமத்தைக் கண்டறிந்தார். கிரேக்க மொழியில் ‘நிறம்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. இதன் சேர்மங்கள் பல வண்ணங்களில் இருப்பதே காரணம். மாணிக்கக் கல்லின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் அவற்றில் கலந்துள்ள சிறிதளவு குரோமியத்தால் வந்தவை. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நம் சமையலறையில் உள்ள எவர்சில்வர் குவளையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியமே கலந்துள்ளது. அது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமும் அதுவே.

பழங்கால மோட்டார் வண்டிகளில் பித்தளையும் பின்னர் நிக்கல் முலாமும் இருந்தன. இரண்டும் நாளடைவில் மங்கும். வாரந்தோறும் துடைத்து மெருகேற்ற ஆள் வேண்டும். 1920களின் பிற்பகுதியில் குரோமிய முலாம் வந்த பின்னரே அவ்வேலை குறைந்தது. பம்பரின் எஃகின் மேல் நிக்கல் படிகிறது. பெரும்பாலும் அதற்கு அடியில் செம்பும் உண்டு. அந்த நிக்கலின் மேல் கடைசியாகக் குரோமியம் படிகிறது. இக்கடைசிப் படலத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் 2000இல் ஒரு பங்குக்கும் குறைவாகும். நம் தலைமுடி இதைவிட நூறு மடங்குக்கும் மேல் தடிப்பானது. ஆக, பளபளப்பைத் தருவது கனமன்று; அடியில் உள்ள பரப்பின் வழவழப்பே. மாதிரி செய்பவர் முதலில் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுவாகும்.

இனி ஒரு சிறு சோதனை. வீட்டில் உள்ள எவர்சில்வர் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். அதன் முதுகுப் பக்கத்தை நோக்குங்கள். அங்கே ‘வெள்ளி நிறம்’ என்று ஒன்று தெரிகிறதா? மேற்பாதியில் வானத்தின் வெளிர்நீலம் தெரியும். நடுவே மரங்களும் வீடுகளும் கருங்கோடாய் வளைந்து நிற்கும். கீழ்ப்பாதியில் தரையின் செம்மண் நிறம் தெரியும். கரண்டிக்குச் சொந்த நிறம் மிகக் குறைவே. அது சுற்றுப்புறத்தைக் கடன் வாங்கிக் காட்டுகிறது. பம்பரும் அப்படித்தான். இதனால்தான் புட்டியில் கிடைக்கும் சாதாரண வெள்ளிச் சாயம் பம்பருக்குப் பொருந்துவதில்லை. அச்சாயத்தில் மிதக்கும் அலுமினியத் துகள்கள் பெரியவை. அவை காய்ந்த பின்னர் ஒன்று இப்பக்கமும் ஒன்று அப்பக்கமுமாகச் சாய்ந்து நிற்கும். வந்து விழும் ஒளி பல திசைகளிலும் சிதறிப்போகும். சிதறிய ஒளி உருவத்தைக் காட்டாது. சாம்பல் நிறத்தையே காட்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. தன் மேல் விழும் ஒளியில் வெள்ளி 100க்கு 95 பங்குக்கு மேலும், அலுமினியம் ஏறக்குறைய 90 பங்கும் திருப்பி அனுப்புகின்றன. குரோமியம் திருப்பி அனுப்புவது ஏறக்குறைய 60 பங்கே. எனவே உண்மைக் குரோமியம் சற்றே இருண்டு, நீலம் கலந்தாற்போல் தோன்றும். பீட்டில் வண்டியின் பம்பர் குரோமிய முலாம் பூசப்பட்டது. பக்கவாட்டுப் பட்டையோ பெரும்பாலும் மெருகிட்ட அலுமினியத்தால் ஆனது. பழைய வண்டி ஒன்று கண்ணில் பட்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டை வெளுத்தும் பம்பர் ஆழ்ந்தும் தெரியும். மாதிரியிலும் இவ்வேறுபாட்டைக் கொண்டுவர முடிந்தால் பார்ப்பவர் காரணம் அறியாமலே ‘இது உண்மை வண்டி போல் இருக்கிறது’ என்பர்.

பெட்டியிலேயே சில பாகங்கள் பளபளப்பாக வருகின்றனவே, அவை போதாவோ எனச் சிலர் கேட்கலாம். அவற்றின் மேல் இருப்பது குரோமியம் அன்று, அலுமினியம். காற்று நீக்கப்பட்ட பெரிய கலத்தினுள் பாகங்களை வைத்து, அலுமினியத்தைக் கடுஞ்சூட்டில் ஆவியாக்கி, அந்த ஆவியைப் பாகங்களின் மேல் படியச் செய்கிறார்கள். கடையில் வாங்கும் உருளைக்கிழங்கு வறுவல் பையின் உட்புறம் மின்னுகிறதே, அதுவும் இவ்வகையில் படிந்த அலுமினியமே. இப்பாகங்களில் இரண்டு குறைகள் உள்ளன. பாகம் சட்டத்தோடு இணைந்திருந்த இடத்தை வெட்டியதும் அங்கே வெறும் பிளாஸ்டிக் வெளிப்பட்டு வடுவாக நிற்கும். அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் ஓடும் மெல்லிய தழும்பையும் மெருகு மறைக்காது, எடுத்துக்காட்டிவிடும். வடு பின்புறமாக அமையுமானால் பாகத்தை அப்படியே பயன்படுத்துவதே நலம். கறுப்புச் சாயத்தை மிக நீர்க்கக் கலந்து பள்ளங்களில் மட்டும் ஓடவிட்டால் மிகையான வெண்மை தணிந்து குரோமியத்தின் ஆழம் வந்துவிடும். இவ்வளவு எளிய வேலையைப் பலரும் செய்யாமல் விடுவது நமக்கு வியப்பாகவே உள்ளது.

வடு முன்புறம் வந்துவிட்டால் பழைய மெருகை நீக்கிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். துணி வெளுக்கும் குளோராக்ஸ் நீரில் பாகத்தை ஊறவைத்தால் அலுமினியம் கரைந்துவிடும். அடியில் உள்ள வார்னிஷ் படலம் எஞ்சி நிற்குமாயின் நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம்.

இவ்விடத்தில் பெற்றோரும் தோட்டத்து உறவினரும் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம். வெளுப்பு நீருடன் எந்த அமிலமும் சேரலாகாது. சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுக் காற்று எழும். அது நுரையீரலைத் தாக்கும். மூடிய அறையில் உயிரையும் குடிக்கும். சமையலறைக் காடியும் அமிலமே. கழிவறை கழுவும் திராவகங்கள் பலவும் அமிலமே. இரப்பர்ப் பாலை உறையவைக்கப் பயன்படும் பார்மிக் அமிலமும் அவ்வாறே. பால் உறையவைக்கும் கொட்டகையிலோ, அந்த அமிலப் புட்டி வைத்துள்ள இடத்திலோ, அமிலம் இருந்த பழைய வாளியிலோ இவ்வேலையைச் செய்தல் கூடவே கூடாது. அம்மோனியா கலந்த பொருளும் வெளுப்பு நீருக்கு ஆகாது. கண்ணாடி துடைக்கும் நீர் சிலவற்றில் அது உண்டு. தோட்டத்தில் பால் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படுவதும் அதுவே. ஆகவே மெருகு நீக்கும் வேலையைப் பெரியவர் ஒருவர், கையுறை அணிந்து, திறந்த வெளியில், புதிய கண்ணாடிப் பாத்திரத்தில் செய்து, பாகத்தை நன்னீரில் பலமுறை கழுவிய பின்னரே பிள்ளையின் கையில் தர வேண்டும். உண்மைக் குரோமிய முலாம் பூசுவதையோ வீட்டில் எண்ணிப் பார்க்கவும் வேண்டா. அதற்குப் பயன்படும் குரோமிய அமிலம் புற்றுநோய் விளைவிக்கும் கொடிய பொருள்.

இனி மெருகேற்றும் வழிகளுக்கு வருவோம். பக்கவாட்டுப் பட்டைக்கும் சன்னல் ஓரத்துக்கும் மெல்லிய உலோகத் தாள் ஒட்டுவதே சிறந்தது. ‘பேர்-மெட்டல்’ என்னும் பெயரில் விற்கப்படும் தாளின் பின்புறம் பசை உண்டு. அதன் கனம் மிகமிகக் குறைவு. கனம் ஏன் முதன்மையானது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 24இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் மாதிரியில் எல்லாமே 24 மடங்கு சிறுத்துள்ளன. அதன் மேல் நாம் பூசும் சாயம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்துவிட்டால், உண்மை வண்டியின் மேல் 2.4 மில்லிமீட்டர் சாயத்தை அப்பியதற்கு ஒப்பாகும். கதவின் கோடுகளும் பட்டையின் விளிம்பும் அதில் மூழ்கிப்போகும். சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளின் கனம் ஒரு மில்லிமீட்டரில் 1000இல் ஏறக்குறைய 16 பங்கு. 24ஆல் பெருக்கினால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவே வரும். தட்டையான இடங்களுக்கு அதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால் அதற்குப் பசையை நாமே மிக மெல்லிதாகத் தடவ வேண்டும். வளைவுகளில் சுருக்கம் விழும். அத்தாளின் ஒரு பக்கம் மின்னுவதும் மறுபக்கம் மங்கியிருப்பதும் ஏன் தெரியுமா? கடைசி முறை உருளைகளுக்கிடையே அழுத்தும்போது இரண்டு தாள்களை ஒன்றாக வைத்து அழுத்துகிறார்கள். உருளையைத் தொட்ட பக்கம் மின்னுகிறது. ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்குகிறது. வேறொன்றும் இல்லை.

தாள் ஒட்டும் முறையைப் பொறுமையாகக் கேளுங்கள். வண்டியின் உடலுக்குச் சாயம் பூசி, நன்கு உலர்ந்து, மெருகேற்றிய பின்னரே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். பட்டையைவிட இருமடங்கு அகலமான துண்டை வெட்டி, இடுக்கியால் எடுத்து, இழுக்காமல் அதன் மேல் படிய வையுங்கள். பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி மெல்லத் தேயுங்கள். சுருக்கங்கள் மறையும். பிறகு பல்குத்தும் குச்சியின் முனையை மழுக்கி, பட்டையின் இரு விளிம்புகளிலும் தாளை அழுத்துங்கள். இப்போது விளிம்பு தெளிவாகத் தெரியும். புத்தம்புதிய பிளேடால் அவ்விளிம்பையே வரம்பாகக் கொண்டு வெட்டுங்கள். பிளேடின் எடையே போதும். கை அழுத்தம் தேவையில்லை. அழுத்தினால் அடியில் உள்ள சாயமும் வெட்டுப்பட்டுவிடும். மரம் சீவும் நம் உறவினர் இதை எளிதில் அறிவர். பட்டையை வெட்டும் உளி ஆழமாய்ப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. இங்கும் அதே கைப்பக்குவம்தான். உண்மை வண்டியில் விரல் அகலமே உள்ள பட்டை மாதிரியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடுவதால், பிளேடு சிறிதேனும் முனை மழுங்கியிருந்தால் தாள் அறுபடாமல் கிழியும். ஒரு பக்கப் பட்டைக்கு ஒரு புதிய முனை என்பதைக் கணக்கெனக் கொள்ளலாம். மேசையில் அமரும்போது பெரியவர் உடனிருக்கட்டும்.

வண்டியின் பின்புறத்தில் உள்ள எழுத்துகளுக்கு ஓர் அழகான தந்திரம் உண்டு. சாயம் பூசுவதற்கு முன்னரே அவ்வெழுத்துகளின் மேல் சிறு துண்டுத் தாளை ஒட்டி அழுத்திவிட வேண்டும். அதன் மேலேயே உடலின் சாயத்தைப் பூச வேண்டும். சாயம் உலர்ந்த பின்னர், சாயம் கரைக்கும் நீரில் சற்றே நனைத்த பஞ்சுக்குச்சியால் எழுத்துகளின் உச்சியை மட்டும் வருடினால் சாயம் நீங்கி எழுத்து மட்டும் பளிச்செனத் தோன்றும். தூரிகை பிடித்து எவரும் அவ்வளவு நுண்ணிய எழுத்தை எழுதிவிட முடியாது.

பம்பரும் சக்கர மூடியும் பல பக்கம் வளைந்தவை, தாளுக்கு அடங்கா. அவற்றுக்குக் குரோமியச் சாயமே வழி. ‘அல்கிளாட்’ போன்ற சாயங்களில் உலோகத் துகள்கள் மிக நுண்ணியவை. அவை ஒன்றன்மேல் ஒன்று தட்டையாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் அடித்தளம் கண்ணாடி போல் இருந்தாலன்றி இச்சாயம் மின்னாது. முதலில் பாகத்தை 600, 1000, 1500, 2000 என எண் ஏறிக்கொண்டே போகும் உப்புத்தாள்களால் நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பின்னர்ப் பளபளப்பான கறுப்புச் சாயத்தைப் பூசி, தூசு விழாதபடி மூடி வைத்து, சாய நெடி அறவே நீங்கும் வரை இரண்டொரு நாள் உலரவிட வேண்டும். கறுப்பில் உங்கள் முகம் தெரிந்தால் அடித்தளம் சரி. தெரியாவிட்டால் குரோமியச் சாயத்தைத் திறக்கவே வேண்டா, மீண்டும் தேயுங்கள்.

கறுப்பு எதற்கு என்று கேட்கலாம். மேலே பூசும் படலம் மிக மெல்லியது. ஒளி சிறிது ஊடுருவும். அடியில் கறுப்பு இருப்பதால் அவ்வொளி திரும்பி வராது. நாம் முன்னே கூறிய அந்த இருண்ட ஆழம் இப்படித்தான் பிறக்கிறது. வெள்ளை அடித்தளத்தின் மேல் பூசினால் பால் கலந்த நீர் போல் வெளுத்துப்போகும்.

இச்சாயத்தைக் காற்றுத் தூரிகையால், சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 இராத்தல் வரையிலான குறைந்த அழுத்தத்தில், மூடுபனி போல் தெளிக்க வேண்டும். கறுப்பு மறைந்தும் மறையாமலும் இருக்கும் நிலையில் நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் ஒரு முறை’ என்னும் ஆசையே பெரும்பாலான பம்பர்களைக் கெடுக்கிறது. மிகுதியாகத் தெளித்தால் மெருகு போய்ச் சாம்பல் நிறமே எஞ்சும். நம் நாட்டில் மற்றொரு பகையும் உண்டு. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி. சாயத்தின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பாகம் குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து வெண்பூஞ்சை போன்ற மங்கலைத் தருகிறது. கறுப்பு அடித்தளத்தையே அது கெடுத்துவிடும். ஆகவே மழை பெய்து ஓய்ந்த மாலையில் சாயம் தெளிக்காமல், வெயில் ஏறிய முற்பகலில் தெளியுங்கள். திறந்த சன்னல், முகமூடி, அருகில் நெருப்பின்மை ஆகிய மூன்றும் கட்டாயம்.

காற்றுத் தூரிகையும் அதற்குரிய அழுத்தப் பொறியும் விலை மிகுந்தவை. மாதிரிப் பெட்டி ஒன்றுக்கே தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கு மேல் ஆகும்போது, இவற்றையும் வாங்கித் தருமாறு பிள்ளைகள் பெற்றோரை நெருக்குதல் தகாது. ‘மோலோட்டோ’ என்னும் குரோமிய மைப் பேனா ஒன்றே பம்பருக்குப் போதுமானது. அதன் முனையை அழுத்தி மையை வழியவிட்டு, கோடு கோடாக இழுக்காமல், ஈரமாகவே பரவவிட வேண்டும். மை தானே சமமாகி மின்னும். விளக்கு வளையத்துக்கும் கதவுப் பிடிக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. வெட்டிய வடுவை மறைக்கவும் அதுவே உதவும். தொட்டால் உலர்ந்தது போல் தோன்றினும் சில நாள் தொடாமல் வைத்திருங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மங்கிவிடும். காக்கும் பொருட்டு மேலே வார்னிஷ் பூசலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். பூசினால் படுத்திருந்த துகள்கள் கிளம்பிக் கலைந்து, மெருகு சாம்பலாகிவிடும். குரோமியப் பாகத்தைக் காக்கச் சிறந்த வழி, அதனைக் கடைசியாகப் பொருத்துவதே.

எந்தச் சாயத்தையும் நேரே பம்பரில் தொடங்காதீர்கள். ஐஸ்கிரீம் உண்ட பின் எறியும் பிளாஸ்டிக் கரண்டிகளைக் கழுவிச் சேர்த்து வைத்தால் அவையே நல்ல பயிற்சித் தளம். முதல் கரண்டியில் வெள்ளை அடித்தளம், இரண்டாவதில் மங்கிய கறுப்பு, மூன்றாவதில் பளபளப்பான கறுப்பு என மூன்றின் மேலும் ஒரே மையைப் பூசி, எவர்சில்வர் கரண்டியின் பக்கத்தில் வைத்து வாசல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மூன்றாவது கரண்டியில் வானமும் மரமும் தரையும் தனித்தனியே தெரியத் தொடங்கினால் பம்பரைக் கையில் எடுக்கலாம்.

வண்டி புதிதாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. தோட்டத்து மண்சாலையில் பல்லாண்டு ஓடிய பீட்டில் வண்டியைச் செய்ய விரும்பினால், மெருகு முடிந்து நன்கு உலர்ந்த பின்னர், பம்பரின் கீழ் விளிம்பிலும் திருகாணி இருக்கும் இடங்களிலும் பழுப்புச் சாயத்தை ஊசி முனையால் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் வையுங்கள். முலாம் விரிசல் கண்ட இடத்தில்தான் எஃகு துருப்பிடிக்கும். நடுவே துரு வராது. பக்கவாட்டுப் பட்டை அலுமினியம் ஆகையால் அதில் பழுப்புத் துரு வைத்தல் பிழை. சக்கர மூடிகளின் மேல் சிறிது செம்மண் தூளைத் தூவி, ஊதிவிட்டு, எஞ்சியதை அப்படியே விட்டுவிடலாம்.